ஸ்கேனில் ரத்தக்கட்டு: பயப்படணுமா?

"குழந்தையோட இதயத்துடிப்பு நல்லா இருக்கு. ஆனா பக்கத்துல கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கு." ஏழு, எட்டு வார ஸ்கேனில் டாக்டர் இப்படிச் சொன்னால், முதல் வரி காதில் விழுவதே இல்லை. இரண்டாவது வரியைத்தான் ஊருக்கு போன் போட்டுச் சொல்கிறோம். அங்கேயிருந்து உடனே கேள்விகள்: "மாடி ஏறினியா? பப்பாளி சாப்பிட்டியா? வேலைக்கு ஏன் போனே?"

படி ஏறியதாலோ, ஆபீஸ் போனதாலோ வருவதில்லை இது. கருவைச் சுற்றியுள்ள வெளி உறை, கருப்பைச் சுவரிலிருந்து ஓரமாகக் கொஞ்சம் விலகும்போது நடுவில் ரத்தம் தேங்குகிறது. ரிப்போர்ட்டில் 'சப்கோரியானிக் ஹீமடோமா' என்று இருக்கும். முதல் மூன்று மாதத்தில் ரத்தக்கசிவு, ஏறக்குறைய நாலில் ஒரு கர்ப்பத்தில் வருவதுதான். அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

குழந்தைக்கு என்ன ஆகும்?

1996-ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக்கசிவும் ரத்தக்கட்டும் இருந்து, கருவுக்கு இதயத்துடிப்பும் இருந்த 516 பெண்களைக் கவனித்தார்கள். கரு கலைந்தது 9.3 சதவீதம் பேருக்கு. கட்டு பெரிசாக இருந்தவர்களில் இது 18.8 சதவீதம். அதாவது, பெரிய கட்டு இருந்தும் நூறில் எண்பது பேருக்கு மேல் கர்ப்பம் தொடர்ந்தது. தாய்க்கு 35 வயதுக்கு மேல் என்றாலோ, எட்டு வாரத்துக்குள் ரத்தம் பட்டாலோ ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

குறைமாதப் பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, நஞ்சு முன்னாலேயே பிரிவது ஆகியவற்றுக்கான வாய்ப்பும் சற்று கூடுகிறது. அதனால், கட்டு கரைந்துவிட்டாலும் விஷயத்தை மறந்துடாதீங்க. பிரசவத்துக்கு ஊருக்குப் போனாலும், வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினாலும் அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்க.

பெட் ரெஸ்ட், மருந்து?

நாள்கணக்கில் படுத்தே இருந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம்.

"சென்னையில அக்காவுக்கு மாத்திரை கொடுத்தாங்க, இங்க ஒண்ணுமே தரலையே" என்ற வருத்தம் நம் வீடுகளில் உண்டு. ஆரம்ப மாதங்களில் ரத்தக்கசிவு இருந்த 4,153 பெண்களுக்கு பிரிட்டனில் புரோஜெஸ்டிரோனைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களில் குழந்தை பிறந்தது 57-லிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது. முன்பு கரு கலையாதவர்களுக்கு வித்தியாசமே இல்லை. அதனால்தான் 2021 முதல் அங்கே, ஒரு தடவையாவது கரு கலைந்தவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீங்க.

எப்போது ஓடணும்?

பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவது பெரும்பாலும் பழைய ரத்தம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடுக்கு மேல் நனைந்தாலோ, கடுமையான வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல், தோள்பட்டை வலி வந்தாலோ காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்க. உங்க ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசி தேவையா என்று கேளுங்க.

ஸ்கேன் ரூமில் கேட்க நாலே கேள்வி: துடிப்பு எப்படி? கட்டு எவ்வளவு பெரிசு? முன்பைவிடக் கூடியிருக்கா? அடுத்த ஸ்கேன் எப்போ? கணவர் கூட இருந்தால் பதிலை அவர் எழுதிக்கட்டும். ஊருக்குச் சொல்லும்போது டாக்டரின் முதல் வரியிலிருந்தே ஆரம்பிங்க.