உங்களுக்குத் தெரியுமா? திருடர்களின் ராஜா ஹீரோவானார்!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் தலை சுற்றாத பாக்கியசாலிகள் அதற்குள் ஒரு காமிக்ஸைப் படித்து முடித்துவிடலாம். கையில் இருப்பது ஸ்பைடர் கதை என்றால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: 1980களில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட இந்த நாயகன், பிறவியிலேயே வில்லன்!

1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் ஸ்பைடர் அறிமுகமானபோது அவருடைய ஒரே லட்சியம், உலகத் திருடர்களுக்கெல்லாம் ராஜாவாவது. கூரிய காதுகள், கறுப்பு உடை, வலையைப் பீய்ச்சும் துப்பாக்கி. கூட்டாளிகளாக பெல்ஹாம் என்ற விஞ்ஞானியும், பெட்டகம் உடைப்பதில் கில்லாடியான ஆர்டினியும்.

பிறகு கதை எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலிடம் போனது. ஆம், ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். 1933இல் அவர் எழுதிய முதல் 'சூப்பர்மேன்' ஒரு கெட்டவன். 1938இல்தான் நாம் அறிந்த நல்லவன் வந்தான். ஸ்பைடரும் அவர் கையில் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கினார்.

1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவி என்ற நாயகன் இப்படி மாறுவதில் இன்னும் ஒரு படி மேல். ஆய்வுக்கூட உதவியாளர், மின்சாரம் பாய்ந்ததும் திருடர், அப்புறம் ரகசிய ஏஜென்ட்!

ஸ்பைடர் திருந்தினாரே தவிர, அவருடைய தலைக்கனம் கடைசிவரை குறையவே இல்லை.