கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தைத் தீர்மானிப்பது 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண். கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீங்கியதால், கட்-ஆஃபுக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

சமமான கட்-ஆஃப் என்றால் சமமான இடம் என்று எண்ணக்கூடாது. கணிதத்தில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 96 எடுத்தவருக்குக் கட்-ஆஃப் 193.5. கணிதத்தில் 96, இயற்பியலில் 98, வேதியியலில் 97 எடுத்தவருக்கும் அதே 193.5. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகையில் இரண்டாமவர் இரண்டு மதிப்பெண் கூடுதல். ஆனால் சமநிலையில் முதலில் பார்க்கப்படுவது கணிதம் என்பதால், தரவரிசையில் அவர் பின்னுக்குப் போகிறார். எல்லாமே சமமாக நின்றுவிட்டால் பிறந்த தேதியும், கடைசியாக ரேண்டம் எண்ணும் முடிவுசெய்யும்.

வாய்ப்பைக் கணிக்கப் பெரும்பாலான பெற்றோர் செய்வது, சென்ற ஆண்டு தாங்கள் விரும்பும் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்று பார்ப்பது. இது ஏமாற்றக்கூடிய வழி. 2024 தரவரிசைப் பட்டியலில் 200-க்கு 200 பெற்றவர்கள் 65 பேர். 2025-இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு நெரிசல் என்றால், கீழேயும் அதே மதிப்பெண்ணுக்குரிய ரேங்க் இடம் மாறியிருக்கும். ஆகவே ஒப்பிட வேண்டியது ரேங்கைத்தான்: இந்த ஆண்டு மாணவர் பெற்ற ரேங்க், முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு நிறைந்த கடைசி ரேங்க். அதுவும் மாணவரின் சமூகப் பிரிவுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

69 சதவீத இட ஒதுக்கீடு போக, 31 சதவீத இடங்கள் பொதுப்போட்டிக்கு. அதில் எல்லாச் சமூகத்தாரும் போட்டியிடலாம். 60 இடங்கள் உள்ள ஒரு வகுப்பில் பி.சி. பிரிவுக்கு 26.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 16 இடங்கள். எம்.பி.சி.க்கு 12, எஸ்.சி.க்கு 9. எஸ்.டி.க்கான ஒரு சதவீதம் முழுதாக ஓர் இடம்கூட ஆகாது. இப்படிச் சிறிய பிரிவுகளில் சென்ற ஆண்டின் கடைசி ரேங்க் என்பது ஒரே ஒரு மாணவர் எடுத்த முடிவு. அதை நம்பிக் கணக்குப் போடுவது வீண். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்கள் அந்தப் பட்டியலின் ரேங்கையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இடங்களின் எண்ணிக்கையும் நிலையானதல்ல. 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கையின் உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) நீக்கியது. புதிதாக இடம் கூட்டிய கல்லூரியில் பழைய கடைசி ரேங்க் பொருந்தாது. அங்கே வாய்ப்பு கூடியிருக்கும். கணிப்பதற்கு முன் இந்த ஆண்டின் இட விவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளிலும் சில பாடப்பிரிவுகள் சுயநிதி முறையில் நடக்கின்றன. கட்டணம் கூடுதல், கடைசி ரேங்க்கும் தனி.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு பலர் சறுக்குவது விருப்பப் பட்டியலில். கிடைக்காது என்று பயந்து கிண்டி பொறியியல் கல்லூரியை விட்டுவிட்டு, கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியை முதலில் வைக்கிறார்கள். இது தேவையற்ற பயம். மாணவரின் ரேங்க் முறை வரும்போது, கணினி அவரது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறது. எட்டாத கல்லூரியை மேலே வைத்ததற்காக எதுவும் பறிபோவதில்லை. ஆனால் எட்டக்கூடியவற்றைக் கீழே போதிய அளவு சேர்க்காவிட்டால், அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் போகலாம். கிண்டியில் ஐ.டி. வேண்டுமா, வேறு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவுசெய்து அந்த வரிசையிலேயே எழுத வேண்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அறிவித்த நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். தவறினால், ரேங்க் எதுவாயினும் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.