ஆறு சதுர மீட்டர் கீரை

ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று 2011-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி சொன்னது. அதில் 50 கிராம் கீரை. அண்மைய பரிந்துரையில் காய்கறியின் அளவு 400 கிராமாக உயர்ந்துள்ளது. நால்வர் உள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்கு 1.6 கிலோ, ஆண்டுக்கு 584 கிலோ. வீட்டுத் தோட்டத்தால் இந்தத் தேவையில் எவ்வளவை ஈடுகட்ட முடியும் என்று முதலில் பார்ப்போம். விதை வாங்குவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வயலில் தக்காளி ரகங்கள் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் வரை தருகின்றன, 135 நாளில். சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிலோ, நாள் கணக்கில் 22 முதல் 26 கிராம். கத்தரி 150 நாளில் 25 முதல் 30 டன். நாளுக்கு 17 முதல் 20 கிராம். வெண்டை 100 நாளில் 12 முதல் 15 டன். நாளுக்கு 12 முதல் 15 கிராம். இவை வயல் கணக்குகள். மொட்டை மாடித் தொட்டியில் கூடலாம், குறையலாம். மூன்றையும் கலந்து, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்று வைத்தால், 1.6 கிலோ காய்க்கு 80 சதுர மீட்டர் வேண்டும். அது 860 சதுர அடி, ஏறக்குறைய 2 சென்ட். தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக அவ்வளவு இடம் மிஞ்சும் மாடிகள் குறைவு.

கீரையின் எண் வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 கீரை, விதைத்த 20-ஆம் நாள் தொடங்கி மூன்று மாதத்துக்குள் 10 முறை கிள்ளப்பட்டு, ஹெக்டேருக்குச் சுமார் 30 டன் தருகிறது. சதுர மீட்டருக்கு 3 கிலோ, நாளுக்கு 33 கிராம். வெண்டையைப் போல இரு மடங்குக்கு மேல். 2011 வழிகாட்டி சொன்னபடி தலைக்கு 50 கிராம் வீதம் நால்வருக்கு வேண்டிய 200 கிராமுக்கு 6 சதுர மீட்டர், அதாவது 65 சதுர அடி போதும். மொத்தக் காய்கறித் தேவைக்கு 860 சதுர அடி, கீரைக்கு மட்டும் 65. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையில் தொடங்குவதே நல்லது என்று நான் சொல்வது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

வெண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 45 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 74,000 செடிகள். 12 டன்னை வகுத்தால் ஒரு செடிக்கு 162 கிராம், 15 டன் என்றால் 202 கிராம். 45-ஆம் நாள் முதல் 100-ஆம் நாள் வரை, ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் சுமார் 27 பறிப்பு. 10 செடி வைத்த வீட்டில் ஒரு பறிப்புக்கு 60 முதல் 75 கிராம், அதாவது நான்கைந்து காய். உள்ளங்கையில் அடங்கிவிடும், பொரியலுக்குக் காணாது, சாம்பாரில் போடலாம். பொரியல் வேண்டுமென்றால் 30 செடி, 4 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு ஆகட்டும் என்று காயைச் செடியிலேயே விட்டுவைத்தால் முற்றிவிடும். நுனி ஒடியாத காய் சமையலுக்கு ஆகாது. பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, இரண்டு பறிப்பைச் சேர்த்துச் சமைப்பதே வழி.

செலவுக்கு ஓர் அளவுகோல் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. 2021-22-இல் தமிழக அரசு 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தளையை 225 ரூபாய்க்கு, 75 சதவீத மானியத்தில் கொடுத்தது. அதில் 6 செடிப் பைகள், 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 விதைப் பொட்டலங்கள், உயிர் உரங்கள். வயல் இடைவெளிப்படி தக்காளிச் செடி ஒன்று 0.8 முதல் 0.95 கிலோ, கத்தரி 0.9 முதல் 1.1 கிலோ தரும். இரண்டு பையில் தக்காளி, இரண்டில் கத்தரி, இரண்டில் வெண்டை, பைக்கு ஒரு செடி என்றால் ஒரு போகத்துக்கு மொத்தம் 3.7 முதல் 4.5 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 150 முதல் 180 ரூபாய். மானிய விலைத் தளைக்குப் போட்ட பணம் இரண்டாம் போகத்தில் திரும்பும். முழு விலைக்கு 5 அல்லது 6 போகம் ஆகும். எருவும் தண்ணீரும் இதில் சேரவில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி, சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்களே, அந்த விலைக்கும் இரண்டு செடியின் முழு மகசூல் 100 ரூபாய் அளவுதான். தக்காளி வளர்க்க நல்ல காரணங்கள் பல உண்டு. பணம் மிச்சமாகும் என்பதை அவற்றில் சேர்க்க எண்கள் இடம் தரவில்லை.

கீரைக் கணக்கு இதைவிடச் சாதகமானது. நாளுக்கு 200 கிராம் என்றால் ஆண்டுக்கு 73 கிலோ. கால் கிலோக் கட்டாக 292 கட்டு. கட்டு 15 ரூபாய் என்று வைத்தால் 4,380 ரூபாய். பாத்தி அமைக்க இந்தத் தொகைக்கு மேல் செலவிட்டால் முதல் ஆண்டில் லாபம் இருக்காது.

செலவைவிடப் பாத்தியின் எடை பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் 875 வைத்திருக்கும் புழங்குசுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 153 கிலோ. பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரைக்கு அதில் பாதி. ஈரமண் லிட்டருக்கு 1.6 கிலோ என்றால், 15 சென்டிமீட்டர் ஆழப் பாத்தி சதுர மீட்டருக்கு 240 கிலோ. 30 சென்டிமீட்டர் என்றால் 480 கிலோ, வரம்பைப் போல மூன்று மடங்கு. நார்க்கழிவும் மட்கிய எருவும் கலந்த கலவை, நனைந்த நிலையில் லிட்டருக்கு 0.8 கிலோ என்று கொண்டால், 15 சென்டிமீட்டருக்கு 120 கிலோ. கீரைக்கு இந்த ஆழம் போதும். மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய வீடானால் 120 கிலோவுக்கும் பொறியாளரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

6 சதுர மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் 900 லிட்டர் கலவை பிடிக்கும். பாதி நார்க்கழிவு என்றால் 450 லிட்டர். 5 கிலோக் கட்டி ஒன்று ஊறி 70 லிட்டர் அளவுக்கு உப்பும். ஆக 6 அல்லது 7 கட்டி. ஊறிய தண்ணீர் பழுப்பாக இறங்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே எருவோடு கலக்க வேண்டும்.

தண்ணீர் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 6 சதுர மீட்டருக்கு 30 லிட்டர், 15 லிட்டர் வாளியில் இரண்டு. ஆண்டுக்கு 1,825 மில்லிமீட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. கோடையில் அந்த இரண்டு வாளிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பாத்தியின் அளவை முடிவு செய்யலாம். ஒரு வாளிதான் உண்டு என்றால் 3 சதுர மீட்டர்.

ஆறு சதுர மீட்டரையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் 1.8 கிலோ கீரை வந்து நிற்கும். சதுர மீட்டருக்கு ஒன்றாக 6 பாத்தி பிரித்து, 15 நாளுக்கு ஒரு பாத்தி விதைத்தால், 90 நாளில் சுற்று முழுமையாகும். ஒவ்வொரு பாத்தியிலும் 8 நாளுக்கு ஒருமுறை 300 கிராம் கிள்ளலாம். வயல் அளவு ஹெக்டேருக்கு 2.5 கிலோ விதை. பாத்திக்குக் கால் கிராம். விரல் நுனியில் ஒட்டும் அளவுதான் அது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பிடி உலர்மணலில் கலந்து தூவி, மேலே பூவாளியால் தெளிக்க வேண்டும்.