இரத்தம் நின்ற பிறகு

நாற்பது ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில், மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன பெண்ணுக்குத் திரும்ப இரத்தம் பட்டால் வெளியே சொல்லமாட்டார். வெள்ளைப்படுவதற்கும் நாற்றத்துக்கும் 'சூடு' என்ற ஒரே காரணம்தான். வெந்தயத் தண்ணீர்தான் மருந்து. இடுப்பு வலி தாங்க முடியாமல் போனால்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரி, கைமீறினால் சென்னை அடையாறு. அதற்குள் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டியிருக்கும், அறுவை சிகிச்சைக்கான காலமும் போயிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு இப்படி முற்றிய நிலையில் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். சென்னையில் 1982இல் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது பெண்களின் புற்றுநோய்களில் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத்தான்.

இன்று சென்னையில் அந்த இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. கிராமத்து மாற்றத்துக்கோ திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்குள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000 முதல் 2003 வரை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அடுத்த சோதனை. கிட்டத்தட்ட வினிகர்தான், அவ்வளவு மலிவு. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆனால் அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவேயில்லை. இளவயதினரும் படித்தவர்களும் கணவரோடு இருப்பவர்களும் வந்த அளவுக்கு, வயதானவர்களும் கைம்பெண்களும் வரவில்லை. நோயின் ஆபத்து கூடுவதோ வயது ஏற ஏறத்தான்.

தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்து, அரசு இந்தப் பரிசோதனையைப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. இருந்தும், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் ஒருமுறையாவது இதைச் செய்துகொண்டவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியக் கணக்கு 1.9 விழுக்காடு. அதைக் காட்டி நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பிறகு நடப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முற்றிய நோய்க்கு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் 'கரண்ட்', அதாவது கதிர்சிகிச்சை, வைக்க வேண்டும். கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி. கதிரோடு இந்த ஊசியையும் சேர்த்துக் கொடுப்பது 1999க்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. கடைசியில் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே குழாய் வைத்துச் சில தடவை உள்கதிர். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நோயை அடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இதில் ஒரு பொல்லாத சங்கதி உண்டு. பாதிச் சிகிச்சையிலேயே இரத்தப்போக்கு பெரும்பாலும் நின்றுவிடும். 'நல்லாயிருச்சு' என்று பெண்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பக்கம் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை. மறுபக்கம் களையெடுப்பு, நூறு நாள் வேலை, பேரப்பிள்ளை. துணைக்கு வந்த மகனோ இரண்டாவது வாரமே கூலிக்குப் போயிருப்பான். திரும்ப வருபவர்கள் சில மாதம் கழித்துக் கால் வீங்கி, சிறுநீர் அடைத்து வருகிறார்கள். முதல் தடவை கொடுத்ததையே மறுபடி முழுதாகக் கொடுக்க உடம்பு அப்போது இடம் தராது.

அன்று சிகிச்சைக்குப் பணம் இல்லை. கதிர்சிகிச்சைக் கருவி மதுரையிலேயே இருக்கிறது. சிகிச்சைச் செலவை இன்று முதலமைச்சர் காப்பீடு ஏற்கிறது. போகும் கூலியையும் துணையாளின் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் யார் ஏற்பது? பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இந்நோயைத் தடுக்கப் பெண் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி நல்ல காரியம்தான், ஆனால் இன்று ஐம்பது வயதில் இருப்பவருக்கு அது உதவாது. என்னைக் கேட்டால், எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று அறிவிக்கும் மேடையிலேயே, எத்தனை பேர் உள்கதிர்வரை முடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

உங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியிருந்தால், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது, ஐந்தாவது வாரங்களில் அவரோடு பஸ் ஏறுங்கள். உள்கதிர் வைக்கும் நாட்களிலும் கூட இருங்கள்.