குறுக்கு வழி இருக்க, சுற்று வழி ஏன்?

கடைத்தெருவுக்கு ஐந்தே நிமிஷத்தில் போகிற சந்து இருக்கும். ஆனாலும் நம்மில் பலர் பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். "பக்கத்துல வழியை வெச்சுக்கிட்டு ஏன் ஊரைச் சுத்தறே?" என்று வீட்டு ஆண்கள் கேலி செய்வார்கள். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குத் தூரம் ஒன்றுதான் கணக்கு. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடக்கிறவளுக்குக் கணக்கே வேறு அல்லவா?

அந்தச் சந்தைப் பாருங்கள். இரு பக்கமும் நீளமான காம்பவுண்டு சுவர். ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு பெட்டிக்கடை கிடையாது. சென்னை மயிலாப்பூரின் தெற்கு மாட வீதியோ காய்கறிக் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். இடிமன்னர்கள் அங்கேயும் உண்டுதான். ஆனால் ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்காரர்களும் ஜன்னலில் நிற்பவர்களும்தான் தெருவுக்குக் கண்கள் என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் 1961-ல் அமெரிக்காவில் புத்தகமே எழுதினார். நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து செய்த காரியம்தானே இது!

அடுத்தது வெயில். தெற்கு வடக்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்கு ஓரமும், மாலையில் மேற்கு ஓரமும் நிழலாக இருக்கும். சித்திரை மாதத்தில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால், நடுப்பகலில் எந்தச் சுவரும் நிழல் தராது. மரம் இருக்கிற தெருதான் கதி. சுற்று வழியானாலும் அதிலேயே போங்கள்.

நடைபாதை விஷயம் சொல்லி மாளாது. அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடக்க 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் 2012-ம் வருஷ விதிமுறை சொல்கிறது. 15 சென்டிமீட்டர் ஒரு சாண்கூட இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் முழ உயரம் ஏறி இறங்க முடியாமல் ரோட்டிலேயே நடக்கிறார்கள். பிறகு நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். டாக்டர் என்னவோ தினமும் நடக்கத்தான் சொல்கிறார். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இடமும் போட்டார்கள். வயதானவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம்.

இதெல்லாம் கடைக்குப் போவதோடு நின்றால் பரவாயில்லை. பெண்ணின் படிப்பு வரைக்கும் போகிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரை வைத்துப் பொருளாதார நிபுணர் கிரிஜா போர்க்கர் ஓர் ஆய்வு செய்தார். போய்வரும் வழி பயமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடிய பெண்கள் அதைவிடத் தரம் குறைந்த கல்லூரியில் சேருகிறார்களாம். படித்தபோது வயிறு எரிந்தது.

இருட்டின பிறகு டியூஷன் விட்டு வரும் பெண் இருந்தால், "போக வேண்டாம்" என்று நிறுத்திவிடாதீர்கள். அவள் வருகிற நேரத்தில் அவளோடு ஒருநாள் நடந்து பாருங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று அப்போதுதான் தெரியும். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சென்னையில் என்றால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்லலாம். வெறுமனே "எங்க தெரு லைட்டு" என்றால் எந்த லைட்டு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.