வாலை முதலில் பாருங்கள்

டீ ஆறட்டும். அதற்குள் இந்தப் பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். டைரனோசரஸ். உடம்பு முழுக்க ஒரே நிறம். வாலைத் தரையில் ஊன்றிக் கங்காரு போல நிமிர்ந்து நிற்கிறது. இங்கிலாந்தின் இன்விக்டா நிறுவனம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1970களில் வெளியிடத் தொடங்கிய வரிசையில் ஒன்று.

நிற்கும் விதமே தப்பு என்று ஒதுக்கத் தோன்றும். ஒதுக்காதீர்கள். அன்று அருங்காட்சியகங்களின் எலும்புக்கூடுகளே வாலை இழுத்தபடிதான் நின்றன. அதே லண்டன் அருங்காட்சியகத்தின் டிப்ளோடோகஸ் வாலைத் தூக்கியது 1993-ல்தான். அதனால், ஒரு டைனோசர் பொம்மையை மதிப்பிட உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது, வயிற்றடியிலோ பாதத்திலோ பொறித்திருக்கும் ஆண்டை. அந்த ஆண்டில் தெரிந்திருந்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? எனக்கு அதுதான் கேள்வி.

அடுத்து, கை. டம்ளரை இரண்டு கையாலும் பிடியுங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கின்றன அல்லவா? டைரனோசரஸ், வெலாசிராப்டர் போன்ற இரண்டு கால் வேட்டை விலங்குகளின் கை இப்படித்தான் இருந்தது. தரையைப் பார்த்துக் கவிழாது. 'ஜுராசிக் பார்க்' பார்த்த நம் கண்ணுக்குக் கவிழ்ந்த கை பழகிவிட்டது. பொம்மைகளும் பல இன்னும் அப்படியே வருகின்றன. இறகு விஷயமும் இதே கதைதான். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பதிந்திருந்த முண்டுகளை 2007-ல் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு வடித்த ஒன்று பல்லித் தோலோடு மொழுமொழுவென்று வந்தால், பழையதற்குக் காட்டிய கருணையை அதற்குக் காட்டமாட்டேன்.

செய்பவர்களின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். வாலைத் தூக்கி முதுகைப் படுக்கைவாக்கில் வைத்தால், இரண்டு கால் பொம்மை மூக்குக் குப்புற விழும். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் இளகிக் கணுக்காலும் வளையும். அதனால் சிலர் பாதத்தைப் பெரிதாக்குகிறார்கள். சிலர் வாலையே மூன்றாவது காலாக்குகிறார்கள். சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை வெளியிட்ட கார்னகி வரிசை, 40-ல் ஒரு பங்கு என்ற அளவைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 12 மீட்டர் விலங்கு அதில் 30 சென்டிமீட்டர். அவ்வளவு கவனமாகச் செய்த வரிசையிலும் வாலை ஊன்றி நிற்பவை உண்டு. அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். மதிப்புரையில் எழுதாமலும் விடமாட்டேன். வளைந்த காலுக்கு வைத்தியம் எளிது: சுடுதண்ணீரில் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள்.

கடையில் வாங்கும் டைனோசர் பாக்கெட்டில், முதுகில் பாய் விரித்தபடி நான்கு காலில் தாழ்ந்து நிற்கும் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது டைமெட்ரோடான். டைனோசரே அல்ல. முதல் டைனோசர் தோன்றுவதற்குச் சுமார் 4 கோடி ஆண்டு முன்பே மறைந்துவிட்டது. வம்சாவளியில் பல்லியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். அலமாரியில் அதற்குத் தனித் தட்டு கொடுங்கள்.