அட்டை இருந்தும் அடகுக்கடை!

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலிருந்தோ, வ.களத்தூரிலிருந்தோ காலையில் பெரம்பலூருக்குப் புறப்படும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். பஜ்ருத் தொழுகையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்திருப்பார்கள். குடும்ப அட்டையின் நகல், ஆதார் அட்டை, மருத்துவர் எழுதிய சீட்டுகள், ஸ்கேன் படம், இவற்றோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. என் தாய்மாமனுடன் இப்படிப் பலமுறை திருச்சி வரை சென்று வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பையில் காப்பீட்டு அட்டை இருந்தது. அதற்கு அடியில் அடகுக்கடைச் சீட்டும் இருந்தது.

மாமுவுக்கு இதயக் குழாயில் அடைப்பு. சிகிச்சைக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அரசாங்கத்தின் காப்பீடு ஏற்றுக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நோய் இன்னதென்று கண்டறியும் முன்பே மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். நெஞ்சுவலி கடுமையான இரவில் வாடகைக் கார். மாமி உடன் தங்கினார். அவருக்குத் துணையாக மகள். மகளுக்கு வேலைக்கூலி போயிற்று. வீடு திரும்பிய பின் மாதந்தோறும் மாத்திரை. மாமியின் இரண்டு வளையல்கள் போன வழி இதுதான். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது மருத்துவத்துக்கே பொருந்தும் போலும்!

நன்றி மறப்பது நமக்கு அழகன்று. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்திராவிட்டால், எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பெரிய அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதுமே நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும். 2018 இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. குறை, திட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலும் அது மருத்துவமனையில் படுத்தவருக்கான திட்டம். நடந்து சென்று மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, மருந்துக்கடையில் நிற்பவருக்கு அங்கே இடமில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள நம் வீடுகளில் ஆண்டு முழுவதும் பணம் கரைவது இந்த மருந்துக்கடை வாசலில்தான்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுப்பது 2013-14 இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22 இல் 39.4 ஆகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. நல்ல செய்திதான். எனினும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் இன்னமும் நோயாளியின் மடியிலிருந்தே போகிறதல்லவா? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2017-18 இல் எடுத்த கணக்கில், ஒருமுறை மருத்துவமனையில் தங்கினால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரிடம் 31,845 ரூபாய். பிரசவத்தைச் சேர்க்காத கணக்கு இது. அரசு மருத்துவமனையிலும் நாலாயிரத்துச் சொச்சம் என்பதைக் கவனியுங்கள். ‘இலவசம்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது.

இங்கும் இல்லை, அங்கும் இல்லை

அட்டை உள்ளவர் நிலை இதுவென்றால், அட்டைக்கே தகுதி பெறாதவர் நிலை என்ன?

இத்திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். 2022 ஜனவரியில் தொடங்கிய புதிய காலத்துக்கு அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 10,000 ரூபாய்! அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றும் லாரியை ஓட்டுபவர், பெரம்பலூர்க் கடைவீதியில் துணிக்கடையில் நிற்பவர், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வாங்கி விற்கும் சிறு வியாபாரி ஆகியோரில் பலர் இதற்குச் சற்று மேலே சம்பாதிப்பவர்கள். வரம்பைத் தாண்டியதால் அவர்கள் செல்வந்தராகி விட்டார்களா? வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போக மீதியில் தனியார் நிறுவனத்திடம் காப்பீடு எடுக்க அவர்களால் முடியுமா?

அரசு ஒரு குடும்பத்துக்காக ஆண்டுக்குச் செலுத்தும் பிரீமியம் 849 ரூபாய் என்று 2022 இல் நிர்ணயிக்கப்பட்டது. கோடிக்கணக்கான குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்துப் பேரம் பேசியதால் வந்த விலை அது. அதே குடும்பத் தலைவர் தனி ஆளாகக் காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றால், வயதைக் கேட்பார்கள், சர்க்கரை உண்டா என்று கேட்பார்கள். தொகை ஆயிரங்களில் ஏறிக்கொண்டே போகும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2017 ஜூலை முதல் விதிக்கப்பட்டு வந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. நோய்க்கு அஞ்சிச் சேமிப்பவனிடம் எட்டு ஆண்டுகள் வரி வாங்கியதை என்னவென்று சொல்வது!

தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்றொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு உரியது. தொழிலாளி தருவது ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி தருவது 3.25 விழுக்காடு. மருத்துவமனையில் படுத்தால் மட்டுமல்ல, வெளி நோயாளியாகப் போனாலும் மருந்து கிடைக்கும், குடும்பத்தாருக்கும் கிடைக்கும். கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களில் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவர்கள் எத்தனை பேர் தம் பணியாளர்களைப் பதிந்திருக்கிறார்கள்? ரமலானில் அதே பணியாளருக்கு ஒரு கைலியும் சேலையும் கொடுத்து மகிழ்கிறோம். அவருடைய உரிமையைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் அது அவருக்கு ஆண்டு முழுவதும் கைகொடுத்திருக்குமே.

சபுராளி திரும்பி வரும்போது

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு துயரம் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சவூதி அரேபியாவில் வெளிநாட்டுப் பணியாளருக்கு முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 1999 இல் வந்தது. துபாயில் 2013 இல் சட்டம் இயற்றிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தினார்கள். அங்கே தலைவலிக்கும் அட்டையைக் காட்டி மருந்து வாங்கிப் பழகியவர், ஐம்பத்தைந்து வயதில் இறுதியாக ஊர் திரும்புகிறார். திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போது பெட்டியில் தைலமும் பேரீச்சம் பழமும் இருக்கின்றன. உடலில் சர்க்கரையும் அழுத்தமும் இருக்கின்றன. காப்பீடு மட்டும் அந்த நாட்டிலேயே நின்றுவிட்டது.

இந்த நேரத்தில் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு உடனே பலன் கிடைக்காது. இக்காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் விதித்துள்ளது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள். ஆகவே நாற்பது வயதிலேயே, சபரில் இருக்கும்போதே, ஊரில் உள்ள மனைவி மக்களோடு தம்மையும் சேர்த்து எடுத்து வைத்தவர் தப்பினார். எடுப்பவர்கள் நோயை மறைக்க வேண்டாம். முகவர் ‘இதையெல்லாம் எழுத வேண்டாம் பாய்’ என்பார். மறைத்தது தெரிந்தால் பணம் கேட்கும் நாளில் நிறுவனம் கைவிரித்துவிடும். அன்று முகவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். அறை வாடகை வரம்பையும் படியுங்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகை மட்டும் நம் தலையில் விழும் என்று நினைக்கிறோம். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கி விடுகிறார்கள்.

நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க பதில் இல்லையெனில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பேணுதல் எங்கே முடிகிறது?

காப்பீடு கூடுமா என்ற கேள்வி நம் இல்லங்களில் எழாமல் இராது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, வணிக நோக்கிலான காப்பீட்டை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாகக் கூட்டுறவு முறையிலான காப்பீட்டை ஏற்றது. நம் நாட்டில் அத்தகைய தகாஃபுல் நிறுவனம் குடும்பங்களுக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை. அரசே கட்டணம் செலுத்தித் தரும் அட்டையையும், நாமே பணம் கட்டி வாங்கும் பாலிசியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் அல்லன். உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் நிலையை விவரித்துக் கேளுங்கள்.

நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். பேணுதலால் பாலிசி வேண்டாம் என்ற குடும்பம், நோய் வந்த இரவில் வட்டிக் கடையைத் தேடிப் போகிறது. வட்டிக்கு அஞ்சி ஒன்றை விட்டவர், அப்பட்டமான வட்டியில் போய் விழுகிறார். அவரைக் குறை கூறுவதற்கு முன், ‘இதை எடுக்காதே’ என்று சொன்ன நாம் அவருக்கு எதை எடுத்துக் கொடுத்தோம் என்று கேட்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் உளர். நம் ஜமாஅத்துகளும் கடனில் மூழ்கியவருக்கு உதவத்தான் செய்கின்றன. ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து வசூலிக்கிறோம். நகை மூழ்கிய பிறகு வரும் அந்த உதவியில் பாதி வட்டிக்கே போய்விடுகிறது. பைத்துல்மாலில் இருந்து வாகன வாடகையும் முதல் பரிசோதனைச் செலவும் முதல் நாளே கிடைத்திருந்தால், என் மாமியின் கையில் ஒரு வளையலாவது மிஞ்சியிருக்கும்.

வேப்பூரில் நடந்தது

செலவு தொடங்கும் இடத்திலேயே அதைத் தடுக்க முடியாதா? இதற்கு ஒரு முயற்சி நம் மாவட்டத்திலேயே நடந்திருப்பது பலருக்குத் தெரியாது. அனைவருக்கும் மருத்துவம் என்ற நோக்கில் தமிழக அரசு 2017 ஐ ஒட்டி மூன்று ஒன்றியங்களில் ஒரு முன்னோடித் திட்டத்தை மேற்கொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பூர் ஆகியவை அவை. கிராமத் துணைச் சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் செவிலியர், மருந்துகள், அடிப்படைப் பரிசோதனைகள் ஆகியவற்றைக் கொண்டு சென்றார்கள். சூளகிரியிலும் விராலிமலையிலும் ஆராய்ந்த சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள், வெளி நோயாளிகளில் தனியாரை நாடுவோரின் பங்கு வெகுவாகக் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். பெரிய கட்டடமோ புதிய கருவியோ அல்ல. அழுத்த மாத்திரை நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது, அவ்வளவே!

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே வழியில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ‘அரசாங்க மாத்திரை வேலை செய்யாது’ என்று அதை ஒதுக்கி, கடையில் நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்குபவர் நம்மில் அதிகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் அமைக்கப்பட்டது; மருந்துகளைச் சோதித்த பின்னரே வழங்குகிறது. அந்தக் கழகத்தைப் பார்த்துப் படித்த மாநிலங்கள் பல. பக்கத்திலிருக்கும் நாம்தான் நம்ப மறுக்கிறோம்.

அரியலூருக்கு 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அன்று மாநிலத்தில் திறக்கப்பட்ட பதினொன்றில் பெரம்பலூர் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சற்றுச் சிக்கலான நோயென்றால் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிக்கே ஓட வேண்டும். தொடர்வண்டி நிலையமும் இல்லாத ஊர் என்பதால் பேருந்து அல்லது வாடகைக் கார்தான். இச்செலவைத் தரும் காப்பீட்டு அட்டை எதுவும் இல்லை.

அட்டை பெறாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு இதில் இரண்டு மூன்று நாள் வேலை போகும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க, படித்த இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸாவில் அமர்ந்தால் போதும். அட்டைக்குரிய சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம் என்பதையும் அவர்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மாமு இப்போது மாத்திரையை அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்கிறார். மாதம் ஒருமுறை அதே பேருந்து, அதே மஞ்சள் பை. சென்ற மாதம் அடகுக்கடைக்காரரிடமிருந்து ஏல அறிவிப்பு வந்தது. ஒரு வளையலை மட்டும் மீட்டார்கள்.